எடை இருக்கட்டும், நீளத்தை அளந்தீர்களா?

பெர்சென்டைலை மார்க் என்று படிக்கிற ஊர் நம்முடையது. ஒருநாள் இரவு பத்து மணிக்கு மேல் தங்கை அழைத்தாள். "அக்கா, பாப்பா பதினஞ்சுலதான் இருக்கா." நான்கு மாதக் குழந்தை, 5.7 கிலோ. எடையைப் போட்டதும் போனில் இருந்த செயலி ஒரு வளைகோட்டை வரைந்து, பக்கத்தில் 15 என்று எழுதிக் காட்டியிருக்கிறது. பத்தாம் வகுப்புக் கணக்கில் 98 வாங்கியவள் அவள். பின்னாலிருந்து அம்மாவின் குரல் வேறு: "நூத்துக்குப் பதினஞ்சாட்டி? பால் பத்தலையோ?"

அந்த 15 மார்க் இல்லை, பெர்சென்டைல்; அதற்கு இவ்வளவுதான் அர்த்தம். அதே வயதுள்ள, நல்ல சூழலில் வளர்கிற 100 பெண் குழந்தைகளை எடை வாரியாக நிறுத்தினால், கீழிருந்து பதினைந்தாவது இடத்தை ஒட்டி இவள் நிற்பாள். யாராவது ஒருத்தி அங்கே நின்றுதானே ஆக வேண்டும்? பிறந்தபோது பாப்பா 2.7 கிலோ. அப்போதும் ஏறக்குறைய அதே இடம்தான். ஐந்து மாதவாக்கில் பிறந்த எடை இரட்டிப்பானால் போதும் என்பார்கள். இவள் நான்காம் மாதத்திலேயே அதைத் தாண்டிவிட்டாள். எந்தக் கோட்டில் தொடங்கினாளோ அதை ஒட்டியே போய்க்கொண்டிருக்கிறாள். இதைச் சொல்லிப் புரியவைக்க அரைமணி நேரம் ஆனது. புரிந்தபிறகு தங்கை கேட்ட கேள்வி இன்னும் அருமை: "அப்போ ஐம்பதுக்குக் கொண்டுவர என்ன கொடுக்கணும்?"

என் மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அவள் கைக்குழந்தையாக இருந்தபோது நானும் போனில் கணக்கு வைத்தேன். இப்போது எங்கள் குடும்பத்தில் எந்தக் குழந்தை பிறந்தாலும் "நீ ஏதோ ஆப்ல போடுவியே, அது எது?" என்று கேட்கிறார்கள். அந்தப் பதிலைக் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடலாம் என்று தோன்றியது. நான் டாக்டர் இல்லை. டாக்டரிடம் நிறைய கேள்வி கேட்கிற ஆள், அவ்வளவுதான்.

முதலில் அந்தக் கோடுகள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்துகொள்வது நல்லது. பிறந்ததிலிருந்து 5 வயது வரைக்கும் இந்தியாவில் நாம் பயன்படுத்துவது உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட வளர்ச்சித் தரங்களை. 1997 முதல் 2003 வரை ஆறு நாடுகளில் ஏறக்குறைய 8,500 குழந்தைகளை அளந்து உருவாக்கியவை. பிரேசில், கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா, ஆறாவதாக இந்தியா. நம் பங்குக்கு டெல்லிக் குழந்தைகள். தாய்ப்பால் குடித்த, அம்மா புகைபிடிக்காத, வசதிக் குறைவு இல்லாத வீட்டுக் குழந்தைகளாகத் தேடித் தேடிச் சேர்த்தார்கள். நல்ல சூழல் கிடைத்தால் முதல் ஐந்து வருடத்தில் நார்வேயின் ஆஸ்லோ நகரக் குழந்தையும் டெல்லிக் குழந்தையும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் உயர்கின்றன என்பதுதான் அதில் வெளிப்பட்ட பெரிய செய்தி. "நம்ம ஜாதகத்துல உயரம் இல்ல" என்று சின்னக் குழந்தையை வைத்துக்கொண்டு சொல்வதற்கு முன் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

அதற்கு முன்னால் உலகம் முழுக்கப் புழங்கியது 1977-ல் வந்த அமெரிக்க அட்டவணை. அதில் சின்னக் குழந்தைகளுக்கான பகுதி, பெரும்பாலும் புட்டிப்பால் குடித்த குழந்தைகளின் அளவுகளிலிருந்து வந்தது. புட்டிப்பால் குழந்தைகள் முதல் வருடத்தின் பின்பாதியில் கூடுதலாக எடை போடுவார்கள். அவர்களோடு வைத்துப் பார்த்தால் தாய்ப்பால் குழந்தை நன்றாக வளர்ந்துகொண்டே "பின்தங்குவது" போலத் தெரியும். எத்தனை அம்மாக்களுக்கு அந்தக் கோட்டைக் காட்டி டப்பாப் பாலைக் கையில் கொடுத்திருப்பார்களோ! இன்றைக்கும் சில செயலிகளின் செட்டிங்கில் அமெரிக்க அட்டவணை, உலக சுகாதார நிறுவன அட்டவணை என்று இரண்டு தேர்வுகள் இருக்கின்றன. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அமெரிக்காவிலேயே இரண்டாவதைத்தான் பரிந்துரைக்கிறார்கள். தங்கையின் போனில் எது இருக்கிறது என்று முதலில் பார்க்கச் சொன்னேன். நல்லவேளை, சரியானதுதான்.

சரி, எடைக்கு வருவோம். தங்கை தினமும் எடை பார்த்துக்கொண்டிருந்தாள். குளியலறைத் தராசில் குழந்தையோடு ஏறி, அப்புறம் தனியாக ஏறி, கழித்து எழுதுவது. முறை தவறில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். முதல் மூன்று மாதத்தில் குழந்தை ஒருநாளைக்கு 25 முதல் 30 கிராம் கூடும். பெரியவர்கள் ஏறும் தராசோ 100 கிராம், 100 கிராமாகத்தான் தாவும். நடுவில் குழந்தை ஒருமுறை பால் குடித்தாலே 100 கிராம் ஏறிவிடும். நனைந்த டயப்பர் இன்னொரு பக்கம். தராசைப் பாயின் மேல் வைத்தால் ஒன்று காட்டும், சிமென்ட் தரையில் வைத்தால் வேறொன்று. ஆக, இன்று கூடியது, நேற்று குறைந்தது என்று செயலி வரைகிற பல்லு பல்லான கோட்டில் குழந்தையின் வளர்ச்சி எதுவும் இல்லை. தராசும் பாலும் டயப்பரும்தான் இருக்கின்றன. ஆறு மாதத்துக்கு மேல் நிலைமை இன்னும் மோசம். ஒருநாளைக்குப் பத்து கிராம் கூடினாலே பெரிது. அதை எந்த வீட்டுத் தராசும் பிடிக்காது.

ஆனால் செயலி தினமும் கேட்கும். "இன்று உங்கள் செல்லத்தின் எடையைப் பதிவு செய்தீர்களா?" என்று மணியடிக்கும். குழந்தைக்காக அடிக்கிற மணி இல்லை அது. நாம் தினமும் திறந்தால்தான் அவர்களுக்குப் பிழைப்பு. தங்கையிடம் அந்த அறிவிப்பை அணைக்கச் சொன்னேன். முதல் ஆறு மாதம் மாதத்துக்கு ஒன்று, அதற்குப் பிறகு தடுப்பூசிக்குப் போகும்போது ஆஸ்பத்திரித் தராசில் ஒன்று, இடையில் சந்தேகம் வந்தால் ஒன்று என்று வைத்துக்கொண்டால் போதும்.

அம்மாவுக்குத் தராசே பிடிக்காது. குழந்தையின் எடையை வாய்விட்டுச் சொல்லக்கூடாது, கண்ணு பட்டுவிடும். அவளுக்குச் சொந்தமாக ஒரு கருவி உண்டு: அரணாக் கயிறு. பேத்தியைக் குளிப்பாட்டும்போது இடுப்புக் கயிற்றுக்குள் விரலை விட்டுப் பார்ப்பாள். இறுக்கமாக இருந்தால் ஒரு முகம், விரல் லேசாகப் போய்விட்டால் வேறு முகம். வயிற்றோட்டம் வந்த வாரத்தில் தராசு எடுப்பதற்கு முன்பே "கயிறு தொளதொளன்னு ஆயிட்டு" என்று கண்டுபிடித்தவள் அவள்தான். நான் அதைக் கிண்டல் செய்ய மாட்டேன். ஒரே கை, ஒரே கயிறு, ஒரே நேரம்; அளவை எடுப்பதற்கு இதைவிட நல்ல ஒழுங்கு ஏது?

ஆனால் கயிற்றால் ஒன்று முடியாது. நீளத்தைச் சொல்லாது. தராசும் சொல்லாது. கண்ணும் சொல்லாது. என் ஆதங்கமெல்லாம் இங்கேதான்.

வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தையைத் தனியாகப் பார்த்தால் தெரியவே தெரியாது. குண்டுக் கன்னம், சிரிப்பு, ஓட்டம் எல்லாம் இருக்கும். இரண்டரை வயதுக் குழந்தையை "ஒண்ணே முக்கால் வயசு இருக்குமா?" என்று யாராவது கேட்டால்தான் உறைக்கும். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 25 சதவீதம் பேர் இப்படி வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். இந்திய அளவில் 35.5 சதவீதம். நான்கில் ஒரு குழந்தை என்றால் அது எங்கோ மலைக்கிராமத்து விஷயம் மட்டும் இல்லை. நம் தெருவிலும் இருக்கிறது. எடை குறைந்தால் பதறுகிறோம், ஓடுகிறோம். உயரம் மாதக்கணக்கில் நின்றுபோனால் ஒருவரும் கவனிப்பதில்லை. தங்கையின் செயலியைத் திறந்து பார்த்தேன். எடைக்கு வரிசை வரிசையாகப் பதிவுகள். நீளத்துக்கு ஒன்றே ஒன்று, பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் எழுதிக்கொடுத்தது.

அளந்துவிடலாம் என்று உட்கார்ந்தோம். இரண்டு வயது வரை படுக்கவைத்துத்தான் அளக்க வேண்டும். முறையான கருவி என்றால் தலைமாட்டில் நிலையான பலகையும் கால்மாட்டில் நகரும் பலகையும் கொண்ட ஒரு நீளப்பலகை. வீட்டில் அதற்குப் பதில் சுவர். தரையில் விரிப்பை இழுத்து மடிப்பில்லாமல் விரித்து, பாப்பாவின் உச்சந்தலை சுவரைத் தொடும்படி படுக்கவைத்தோம். கொண்டை, ரிப்பன், கிளிப் எதுவும் இல்லாமல். தங்கை தலைமாட்டில் முட்டி போட்டு, இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். கண் நேராக உத்தரத்தைப் பார்க்க வேண்டும். முகவாய் நெஞ்சில் இடித்தாலே சென்டிமீட்டர் கணக்கில் குறைந்துவிடும். கால்மாட்டில் நான். கைக்குழந்தையின் கால் எப்போதும் தவளைக்கால்தான். முட்டியை மெதுவாக அமுக்கி நீட்டினால் அவள் உதைக்கிறாள், விட்டால் மடக்குகிறாள். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைப் பாதத்தில் நிமிர்த்தி வைப்பதற்குள் ஒரு குதிகால் தப்பித்துவிடுகிறது. கடைசியில் அம்மா வந்து, எண்ணெய் தேய்த்துக் கால் நீவுகிற அதே பாவனையில் இரண்டு முட்டியையும் ஒருசேரப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் குழந்தை அடங்கியது. புத்தகத்தின் அடியில் தரையில் பென்சிலால் கோடு போட்டு, குழந்தையைத் தூக்கிவிட்டு, சுவரிலிருந்து கோடு வரை இரும்பு டேப்பால் அளந்தோம். மறுபடியும் ஒருமுறை. இரண்டுக்கும் நடுவில் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம். மூன்றாவதாக ஒன்று எடுத்து, நெருங்கிவந்த இரண்டின் சராசரியைப் போட்டோம். தையல்காரர் வைத்திருக்கும் துணி டேப் வேண்டாம். அது நாளாக நாளாக நீண்டுவிடும்.

இந்த ஒரு சென்டிமீட்டர் சாதாரணம் இல்லை. ஒரு வயதுப் பெண் குழந்தையின் நடு அளவு 74 சென்டிமீட்டர். வயதுக்கேற்ற உயரம் இல்லை என்று சொல்கிற எல்லை அதற்கு ஐந்து சென்டிமீட்டர் கீழே. இந்த ஐந்துக்குள்தான் எல்லா விவகாரமும். அதில் ஒன்றை நம் கையே விழுங்கிவிட்டால் செயலி எவ்வளவு அழகாகக் கோடு வரைந்து என்ன பயன்? இரண்டாவது வயதில் குழந்தை மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளர்கிறது. மாதாமாதம் அளந்தால் வளர்ச்சியும் பிழையும் ஒரே அளவு. எது எது என்று பிரிக்க முடியாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்தால் வளர்ச்சி தனியாகத் தெரியும்.

வீட்டில் பிள்ளையை அளப்பது போனோடு வந்த பழக்கமும் இல்லை. 18-ஆம் நூற்றாண்டுப் பிரான்சில் மோன்பெயார் என்கிற பிரபு, 1759-ல் பிறந்த தன் மகனை 1777 வரை விடாமல் அளந்து குறித்துவைத்தார். அரையாண்டுக்கு ஒருமுறை. அவருடைய நண்பரான இயற்கையியலாளர் பூஃபோன் அதைத் தன் நூலில் வெளியிட்டார். ஒரே குழந்தையைப் பிறப்பிலிருந்து வளர்ந்து முடியும்வரை தொடர்ந்து அளந்ததில் நமக்குக் கிடைத்திருக்கும் முதல் பதிவு அதுதான். அந்த வளைகோடு இன்றும் குழந்தை மருத்துவப் பாடநூல்களில் அச்சாகிறது. ஆறு மாதத்துக்கு ஒரு புள்ளி வைத்தே பதின்வயதுக் குதிப்பு வரை எல்லாம் அதில் தெரிகிறது.

போன் கேமராவாலேயே அளந்துவிடலாமே என்பவர்கள் உண்டு. தங்கை வீட்டுக்காரர் அந்தக் கட்சி. விலையுயர்ந்த சில ஐபோன்களில் லைடார் என்கிற தூரம் அளக்கும் உணரி இருக்கிறது. நிற்கிற ஆளுக்கு நேரே பிடித்தால் உயரத்தைத் திரையில் காட்டிவிடும். வெல்ட்ஹுங்கர்ஹில்ஃபே என்கிற ஜெர்மன் தொண்டு நிறுவனம் சைல்ட் குரோத் மானிட்டர் என்ற பெயரில், குழந்தையைப் போனால் ஸ்கேன் செய்து உயரத்தையும் எடையையும் கணிக்கும் முயற்சியில் இறங்கியது. இந்தியக் குழந்தைகளிடமும் சோதித்துப் பார்த்தார்கள். நல்ல நோக்கம்; எனக்கு மரியாதை உண்டு. ஆனால் நெளிகிற குழந்தை கேமராவுக்கும் நெளியத்தான் செய்யும். கால் மடங்கியிருந்தால் உணரி என்ன செய்யும்? சுவர், புத்தகம், டேப், கூட ஒரு ஆள். இப்போதைக்கு வீட்டுக்கு இதுதான் சரி என்பது என் கட்சி.

ஊரில் எங்கள் தெரு முனையில் அங்கன்வாடி இருக்கிறது. அம்மாவுக்கு இன்னும் பால்வாடிதான். ஊருக்குப் போயிருந்தபோது பாப்பாவைத் தூக்கிக்கொண்டு போனோம். அங்கே நீளப்பலகை, உயரம் அளக்கும் கம்பம், தராசு எல்லாம் இருந்தன. டீச்சர் தலையைப் பிடித்தார், ஆயா காலைப் பிடித்தார். எங்கள் வீட்டில் மூன்று பேர் போராடிய காரியத்தை இரண்டு பேர் ஒரு மூச்சில் முடித்துவிட்டார்கள். டீச்சர் அளவை முதலில் நோட்டில் எழுதினார். "கைல பிள்ளைய வச்சிக்கிட்டுப் போனை எங்க பிடிக்க?" அப்புறம் உட்கார்ந்து போஷன் டிராக்கரில் ஏற்றினார். 2021 முதல் நாடு முழுக்க அங்கன்வாடிகளில் இருக்கிற செயலி அது. வளர்ச்சியைப் போனில் பார்க்கும் வேலையில் நமக்கெல்லாம் முன்னோடிகள் இவர்கள்தான். நகரத்தில் காசு கொடுத்துக் கருவி வாங்குகிறவர்களுக்குத் தெருமுனையில் இலவசமாக இருக்கும் இந்தப் பலகை ஞாபகத்துக்கே வருவதில்லை.

தமிழ்நாட்டுக்கு இதில் பழைய அனுபவம் உண்டு. 1980-ல் உலக வங்கி உதவியோடு இங்கே தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், 6 மாதம் முதல் 36 மாதம் வரையுள்ள குழந்தைகளை மாதாமாதம் எடை பார்த்தார்கள். ஏற்கெனவே மிகவும் மெலிந்திருந்தவர்களோடு, எடை போதுமான அளவு கூடாத குழந்தைகளையும் பிரித்தெடுத்துக் கூடுதல் உணவு கொடுத்தார்கள்; தேறியதும் நிறுத்தினார்கள். குழந்தை எந்த இடத்தில் நிற்கிறது என்பதோடு எந்தத் திசையில் போகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்த திட்டம் அது. கையில் போன் இல்லை, அட்டையும் பேனாவும்தான்.

அந்தத் திசையைத்தான் நானும் தங்கைக்குத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். பதினைந்தாவது கோட்டிலேயே போகிற குழந்தையைவிட, எண்பதில் தொடங்கி ஐம்பது, முப்பது என்று இறங்கிக்கொண்டே வருகிற குழந்தைக்குத்தான் டாக்டர் வேண்டும். பிறந்தவுடன் முதல் சில நாளில் எடை குறைவது இயல்பு. ஆனால் இரண்டு வாரத்தில் பிறந்த எடைக்குத் திரும்பவில்லை என்றால் காட்ட வேண்டும். காய்ச்சல், வயிற்றுப்போக்குக்குப் பிறகு ஒரு பள்ளம் விழும், சில வாரத்தில் மேடேறும். ஏறாவிட்டால் காட்ட வேண்டும். தலைச் சுற்றளவு கோடுகளைத் தாண்டி வேகமாக ஏறினாலும் அப்படியே. அங்கன்வாடி டீச்சர் கையில் ஒரு வண்ணப்பட்டை வைத்திருந்தார். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளின் மேல்கையில் சுற்றிப் பார்ப்பது. 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே வந்தால் சிவப்பு, அதற்கு மேல் 12.5-க்குள் மஞ்சள். சிவப்பு என்றால் எந்த வளைகோட்டையும் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை, உடனே கிளம்ப வேண்டியதுதான்.

செயலிகள் குழப்புகிற இடம் இன்னொன்று உண்டு. இரண்டு வயதானதும் நிற்கவைத்து அளக்கத் தொடங்குவோம். நின்றால் உயரம் சுமார் 0.7 சென்டிமீட்டர் குறைவாக வரும். அட்டவணைகள் இதைக் கணக்கில் எடுத்துத்தான் செய்யப்பட்டிருக்கின்றன. ஆனால் படுத்து எடுத்த அளவா, நின்று எடுத்த அளவா என்று கேட்காமலே வாங்கிக்கொள்ளும் செயலியில் பிறந்தநாளன்று குழந்தை குட்டையாகிவிடும். குறைமாதக் குழந்தை என்றால் இன்னும் முக்கியம்: எத்தனை வாரம் முன்னதாகப் பிறந்ததோ அதை வயதில் கழித்துத்தான், இரண்டு வயது வரைக்கும், கோட்டில் புள்ளி வைக்க வேண்டும். எட்டு வாரம் முந்திப் பிறந்த குழந்தைக்கு அதைக் கழிக்காமல் போட்டால் அம்மாவுக்குத் தூக்கம் போய்விடும்.

அப்புறம், இந்தச் செயலிகள் இலவசம் என்கிற விஷயம். பெயர், பிறந்த தேதி, போன் நம்பர், போட்டோ எல்லாம் கேட்கிறார்கள். தங்கை குழந்தை பிறந்த தேதியைப் பதிந்த கொஞ்ச நாளில் அவள் போன் முழுக்க டயப்பரும் சத்துப்பொடியும்தான். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான பால் மாவை விளம்பரப்படுத்துவதே இந்தியாவில் 1992-ஆம் வருடச் சட்டப்படி குற்றம். ஆனால் விளம்பரம் விளம்பரமாக வருவதில்லை, 'ஆலோசனை'யாக வருகிறது. செயலிகள், தாய்மார் குழுக்கள் வழியாகப் பால் மாவு நிறுவனங்கள் அம்மாக்களை எப்படி அணுகுகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் ஒரு அறிக்கையே போட்டது. எடை குறைகிறதோ என்று பயந்துபோய் இரவில் போனைத் திறக்கிற அம்மாவைவிட நல்ல வாடிக்கையாளர் அவர்களுக்கு எங்கே கிடைப்பார்?

ஆக, "அது எது?" என்பதற்குப் பதில். உலக சுகாதார நிறுவன அட்டவணை இருக்கிறதா, குறைமாதக் கணக்கும் படுத்த-நின்ற கணக்கும் தெரியுமா, நம் அளவுகளை வெளியே எடுத்துக்கொள்ள விடுகிறதா என்று பாருங்கள். கடைசியது முக்கியம், போன் தொலைந்தால் மூன்று வருடப் பதிவும் போய்விடும். இவை இருந்தால் எதுவும் சரி. நான் கடைசியில் எக்செலுக்கு மாறிவிட்டேன். தடுப்பூசி அட்டையின் ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்துவைத்து, ஒரு தாளில் தேதி, எடை, நீளம், யார் அளந்தது, எந்தத் தராசு, கடைசியாகக் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். தங்கைக்கும் அதையே பகிர்ந்துவிட்டேன். அவள் எண்களைவிடக் குறிப்பில்தான் நிறைய எழுதுகிறாள்: கேழ்வரகுக் கூழ் ஆரம்பித்தது, மூன்று நாள் வயிற்றுப்போக்கு, பல், ஆச்சி ஊருக்குப் போய்விட்டாள், சரியாகச் சாப்பிடவில்லை. போன தடவை டாக்டரிடம் போனை நீட்டியபோது அவர் வளைகோட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு அந்தக் கட்டத்துக்குத்தான் போனார். மூன்று நாள் வயிற்றுப்போக்கு என்ற வரியில் விரலை வைத்து, "இதுக்கு அப்புறம் கூழ் மறுபடி எப்ப கொடுத்தீங்க?" என்று கேட்டார்.